680 ரிங்கிட்டை விழுங்கிவிட்டார்கள்: முன்பணம் கேட்கும் சின்ன உணவகங்கள், ஜாக்கிரதை!

பினாங்கில் இருப்பவர்களும் விடுமுறைக்குப் பினாங்கு வருபவர்களும் இதைப் படித்துவிட்டு வீட்டாருக்கும் அனுப்புங்கள். அறுநூற்று எண்பது ரிங்கிட்! எட்டுப் பேர் சாப்பாட்டுக்கு முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, ஒரு பருக்கைகூட வாயில் வைக்காமல் வாசலோடு திரும்பினோம். பெயரை எழுதாதே, பிறகு அவர்கள் நம்மீது வழக்குப் போடுவார்கள் என்று என் கணவர் தடுக்கிறார். அதனால், ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் நாலைந்து மேசை போட்டு நடக்கும் தாய்லாந்து உணவகம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இப்படிப் பணத்தைப் பறிகொடுக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

தோம்யாம் கடைக்கு இங்கே பஞ்சமில்லை. சயாம் சமையலும் பினாங்குக்காரர்களுக்குப் புதிதல்ல. லோரோங் பர்மாவில் சயாம் கோயில் எழும்பியதே 1845இல். ஆனால் இந்தக் கடை வேறு மாதிரி. பொடியாக அரிந்த இலைகளையும் வறுத்த தேங்காயையும் சோற்றில் பிசைந்து தரும் காவ் யாம், மீன் குடலைப் புளிக்கவைத்துச் செய்யும் கேங் தை பிளா என்று தென் தாய்லாந்து வீட்டுச் சமையலை எடுத்து வைப்பார்கள். முதலில் அம்மாவும் நானும் மட்டும் போனோம். மியாங் காம் வந்தது. பச்சை இலை, கிண்ணம் கிண்ணமாக வறுத்த தேங்காய்த் துருவல், வேர்க்கடலை, உலர்ந்த இறால், இஞ்சி, சின்ன வெங்காயம், தோலோடு நறுக்கிய எலுமிச்சை, மேலே ஊற்றப் பனைவெல்லப் பாகு. அம்மா யாரையும் கேட்கவில்லை. வெற்றிலை மடிப்பதுபோல் மடித்து வாயில் போட்டுக்கொண்டார். சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். அதனால்தான் வயிறு எரிகிறது.

அங்கே பரிமாறியவன் ஒரு தமிழ்ப் பிள்ளை. அப்பாவின் 70ஆவது பிறந்தநாளுக்கு இங்கேயே வரலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தது அவன் காதில் விழுந்திருக்கிறது. “அக்கா, வருகிறவர்களில் சைவம் யாராவது இருக்கிறார்களா? எங்கள் கறிச்சாந்தில் இறாலில் செய்த பெலாச்சான் இருக்கும், காய்கறிக்கும் மீன்சாறுதான் ஊற்றுவோம். முன்னதாகச் சொன்னால் தனியாகச் சாந்து அரைத்து வைக்கிறோம்” என்றான். ஈப்போவில் இருக்கும் என் அத்தை சுத்த சைவம். காய்கறிதானே என்று சொல்லிச் சொல்லியே மீன்சாறு ஊற்றிய கீரையை அவர் முன் வைக்கும் கடைகளைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன். நாம் கேட்பதற்கு முன்னே இவன் கேட்கிறான். யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

ஆளுக்கு 85 ரிங்கிட், எட்டுப் பேருக்கு 680. “சின்னக் கடை அக்கா, மீனும் இறாலும் ஆள் கணக்குப் பார்த்துத்தான் வாங்குகிறோம், முழுப் பணமும் முன்னதாக வேண்டும்” என்று சொல்லி, கல்லாவின் மேல் நின்ற கியூஆர் அட்டையை என் பக்கம் திருப்பி வைத்தான். ஸ்கேன் செய்தால் திரையில் கடையின் பெயர் இல்லை, யாரோ ஓர் ஆளின் பெயர். கேட்காமல் இல்லை, கேட்டேன். “முதலாளியம்மாவின் மகன் கணக்கு அக்கா, கடைக் கணக்குக்கு இப்போதுதான் மனுப் போட்டிருக்கிறோம்.” ரசீதுப் புத்தகத்தை எடுத்து, 680 என்று எழுதி, “சைவம் ஒன்று” என்பதற்கு அடியில் கோடு போட்டு, கடை முத்திரையையும் குத்திக் கொடுத்தான்.

போன சனிக்கிழமை இரவு போய் நின்றால், கடை நிறைய ஆட்கள். முதலாளியம்மா ஒரு நோட்டைப் புரட்டிவிட்டு, அப்படி ஒரு பதிவே இல்லை என்றார். ரசீதைக் காட்டினேன். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார். முத்திரை உங்களுடையதுதானே என்றேன். முத்திரை மேசை மேல்தான் கிடக்கும், யார் வேண்டுமானாலும் குத்தலாம் என்றார். பணம் போன கணக்கைக் காட்டினேன். எங்களுடையது அல்ல என்று ஒரே வார்த்தை. கல்லாவின் மேல் அதே கண்ணாடி அட்டைதான் நின்றது, உள்ளே வேறு கியூஆர். பழையதை உரித்தெடுத்த பசைத் தடம் ஓரத்தில் அழுக்குப் பிடித்து அப்படியே இருந்தது. அப்பாவும் அத்தையும் வெளியே ஐந்தடியில் நின்றுகொண்டிருக்கிறார்கள். அந்த அம்மாள் சமையலறைக்குள் போய் இரண்டு பெட்டி மாம்பழப் புலூட்டை, அதாவது மாம்பழத்தோடு தரும் ஒட்டரிசிச் சோற்றைக் கொண்டுவந்து நீட்டினார், இலவசமாம். 680 ரிங்கிட்டுக்கு இரண்டு பெட்டி புலூட்! அவர் கல்லாவிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். லிட்டில் இந்தியாவில் கடை மூடப்போன வாழையிலைச் சாப்பாட்டுக்காரர் இரக்கப்பட்டு எங்கள் எல்லோருக்கும் சோறு போட்டார். அவர் நன்றாக இருக்கட்டும்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டால், கணக்காளரிடம் விசாரிக்கிறேன் என்று பதில். மறுபடி கேட்டால், ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்வதில்லை. அதற்கப்புறம் வந்த செய்திதான் உச்சம்: “என் மகன் ஹாட்யாயிலிருந்து திரும்பியதும் உங்களிடம் பேசுவான்.” கணக்கு உங்களுடையது அல்ல என்றால் இதில் மகன் எங்கிருந்து வந்தான்? மகனின் முழுப் பெயர் என்ன என்று ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன். நீல நிறக் குறி விழுந்தது. அதோடு பேச்சு நின்றது. அந்தத் தம்பியின் எண்ணோ அணைத்தே கிடக்கிறது.

வங்கியில், நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம் என்றார்கள். மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழைத்தேன், விவரம் எடுத்துக்கொண்டு போலீஸ் புகார் செய்யச் சொன்னார்கள். காவல் நிலையத்தில் புகார் எழுதியவர், கடைமீதா பையன்மீதா என்று கேட்டார். இரண்டு பேர்மீதும் என்றேன். பணம் அந்தக் கணக்கில் இப்போது இல்லையாம்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. திரையில் வரும் பெயர் கடையின் பெயராக இல்லாவிட்டால் மகன், மருமகன் என்று எந்தக் கதை சொன்னாலும் கட்டாதீர்கள். சாப்பாட்டுக்கு முழுப் பணத்தை முன்னதாகக் கேட்டால் வேறு கடை பாருங்கள். சந்தேகம் வந்த நிமிடமே 997. பணம் இன்னொரு கணக்குக்கு நகர்ந்துவிட்டால் பிடிப்பது கடினம். ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை, 3 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

நான் படிவம் 1ஐ நிரப்பிவிட்டேன். ரசீதின் அடியில் கடையின் பதிவு எண் அச்சிட்டிருக்கிறது, அதை மறந்துவிட்டார்கள் போலும். ஜார்ஜ்டவுன் தாய்க் கடை ஒன்றில் இதே மாதிரி யாரோ ஒருவர் பெயருக்குப் பணம் கட்டியவர்கள் இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். ரசீது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பணம் போன கணக்கின் பெயர் போதும்.