டிஸ்க்கை நகலெடுப்பதா, லாகை அனுப்புவதா? பேரிடர் மீட்புக்கு இரண்டு வழிகள்

பேரிடர் மீட்புக்காக இன்னொரு டேட்டா சென்டரில் தரவுத்தள சர்வர் ஒன்றை நிறுத்துவது என்று முடிவானபோது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொரு பிளாக்கையும் (சிறு சேமிப்புத் துண்டையும்) அப்படியே அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்று. லினக்ஸில் டிஆர்பிடி, விண்டோஸில் ஸ்டோரேஜ் ரெப்ளிகா, பெரிய நிறுவனங்களில் ஸ்டோரேஜ் பெட்டிகளே தங்களுக்குள் செய்துகொள்ளும் ரெப்ளிகேஷன் (நகலெடுப்பு) எல்லாம் இந்த வகை. தரவுத்தளமே தன் மாற்றங்களின் பதிவை, அதாவது லாகை, அனுப்புவது மற்றொன்று. போஸ்ட்கிரஸின் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன், ஆரக்கிளின் டேட்டா கார்ட், எஸ்க்யூஎல் சர்வரின் ஆல்வேஸ் ஆன் இந்த வகை. எங்களுடையது லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரஸ். லாக் வழியை எடுத்தோம். மறுபடி கேட்டாலும் அதையேதான் எடுப்பேன்.

வேகத்தையும் விலையையும் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். 100 கிலோமீட்டர் தள்ளியுள்ள சர்வருக்குப் போய்த் திரும்பவே 1 மில்லிசெகண்ட் வேண்டும். எந்த மென்பொருளாலும் அதைக் குறைக்க முடியாது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் அந்தப் பக்கத்தின் பதிலுக்குக் காத்திருப்பதா (சின்க்ரனஸ்), காத்திருக்காமல் தொடர்வதா (அசின்க்ரனஸ்) என்பதைத் தூரமே பெரும்பாலும் முடிவு செய்துவிடும். இரண்டு வழிகளிலும் இரண்டு முறைகளும் உண்டு. டிஆர்பிடியும் போஸ்ட்கிரஸும் இலவசம். ஸ்டோரேஜ் ரெப்ளிகா விண்டோஸ் சர்வர் 2016-இல் டேட்டாசென்டர் பதிப்போடு வந்தது. விண்டோஸ் சர்வர் 2019-இல் ஸ்டாண்டர்ட் பதிப்புக்கும் வந்தது, ஆனால் ஒரே வால்யூம் (டிஸ்க் பிரிவு), அதுவும் 2 டெராபைட் வரைதான்.

லைனில் ஓடும் சுமையில் வித்தியாசம் உண்டு. பிளாக் வழியில் டேபிளில் ஒரு வரியைத் திருத்தினால் லாகில் எழுதுவதும் போகும், பின்னால் செக்பாயின்ட்டின்போது (நினைவகத்தில் சேர்ந்த மாற்றங்களை டிஸ்க்கில் இறக்கும்போது) டேட்டா கோப்பில் எழுதுவதும் போகும். டிஸ்க்கைத் தொட்ட தற்காலிகக் கோப்புகளும் கூடவே போகும். லாக் வழியில் லாக் மட்டும்தான். செக்பாயின்ட்டுக்குப் பிறகு ஒரு பக்கம் (டேட்டா கோப்பின் ஒரு துண்டு) முதல்முறை மாறும்போது அந்த முழுப் பக்கத்தையும் போஸ்ட்கிரஸ் லாகில் எழுதுவதால் அதுவும் ஊதும் என்பது உண்மை. ஆனாலும் மொத்தத்தில் குறைவுதான்.

இதெல்லாம் இரண்டாம்பட்சம். என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: அந்தப் பக்கம் இருப்பது இன்றைக்குத் திறக்குமா?

வழக்கமான முறையில் அமைத்த டிஆர்பிடியில் செகண்டரி டிஸ்க்கை, அதாவது நகலை வாங்கும் டிஸ்க்கை, மவுண்ட் செய்து திறக்க முடியாது. ஸ்டோரேஜ் ரெப்ளிகாவிலும் சேருமிட வால்யூம் மூடியேதான் இருக்கும். பிளாக்குகள் வந்து சேருகின்றன என்று ஸ்டேட்டஸ் பச்சையாகக் காட்டும். உள்ளே இருக்கும் தரவுத்தளத்தை மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். டிஆர்பிடியின் ஆன்லைன் வெரிஃபை இரு பக்கத்து பிளாக்குகளையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று உறுதி சொல்லும். அந்த ஒன்று திறக்குமா என்பதை அது சொல்லாது.

பேரிடர் நாளில் அந்த டிஸ்க்கை மேலே கொண்டுவந்தால், கரண்ட் போய் நின்ற சர்வரைத் திரும்ப ஏற்றுவது போலத்தான் இருக்கும். தரவுத்தளம் கடைசிச் செக்பாயின்ட்டிலிருந்து லாகை ஓட்டித் தன்னைச் சரிசெய்துகொள்ளும். எழுதிய வரிசை குலையாமல் வந்திருந்தால் திறக்கும். டேட்டாவும் லாகும் தனித்தனி வால்யூமில் இருந்தால் இங்கேதான் கவனம் தேவை: டிஆர்பிடியில் இரண்டையும் ஒரே ரிசோர்ஸில் (ஒன்றாக நகலாகும் தொகுப்பில்) வைக்க வேண்டும், ஸ்டோரேஜ் ரெப்ளிகாவில் எழுதிய வரிசையைக் காக்கும் கன்சிஸ்டென்சி குரூப்பை இயக்க வேண்டும். விட்டுவிட்டால் லாக் முந்தியும் டேட்டா பிந்தியும், அல்லது தலைகீழாகவும், வந்து நிற்கலாம். அமைத்தவர் வேலையை விட்டுப் போன பிறகும் அந்த அமைப்பு அப்படியே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்து நகல்) எடுத்து வேறிடத்தில் ஏற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. விண்டோஸ் 2019-இல் இதற்கென டெஸ்ட் ஃபெயில்ஓவர் (ஃபெயில்ஓவர் என்பது மாற்று சர்வருக்கு மாறுவது) வந்தது நல்ல விஷயம். ஆனால் யாராவது உட்கார்ந்து அதைச் செய்ய வேண்டும். வேலை குவியும் மாதத்தில் முதலில் தள்ளிப்போவது இந்தச் சோதனைதான்.

போஸ்ட்கிரஸ் ஸ்டாண்ட்பை, அதாவது லாகை வாங்கும் மாற்று சர்வர், அப்படியில்லை. 9.0 பதிப்பு வந்த 2010-இலிருந்தே லாகை வாங்கிக்கொண்டே வாசிப்புக்கும் திறந்திருக்கிறது. மாதாந்திர அறிக்கைகளை அங்கே ஓட விட்டோம். ஸ்டாண்ட்பையில் கோளாறு வந்தால் கணக்குப் பிரிவிலிருந்து அன்றைக்கே போன் வந்துவிடும். தனியாகச் சோதனை நடத்தாமலே சோதனை நடந்துகொண்டிருக்கிறது. இதற்கு மேல் ஆம்செக் என்ற நீட்டிப்பைக் கொண்டு இன்டெக்ஸ்களை ஸ்டாண்ட்பையிலேயே சரிபார்க்கலாம். டம்ப் (தரவு முழுவதன் ஏற்றுமதி) எடுத்தால் எல்லா டேபிளும் முழுக்க வாசிக்கப்படும். செக்சம் (பக்கம் கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) போட்ட கிளஸ்டரில் கெட்ட பக்கம் இருந்தால் அங்கேயே கத்தும். நீண்ட வினாக்கள் லாக் ஓட்டத்தோடு மோதினால் வழக்கமான அமைப்பில் 30 நொடிக்குப் பிறகு ரத்தாகும், அதற்கு மட்டும் அமைப்பை மாற்ற வேண்டியிருக்கும்.

ஒத்திகையும் எளிது. பிரைமரியை (முதன்மை சர்வரை) முறையாக நிறுத்தினால், மிச்சமுள்ள லாகை ஸ்டாண்ட்பைக்கு அனுப்பிவிட்டுத்தான் அது நிற்கும். அப்புறம் ஸ்டாண்ட்பையை உயர்த்தி, பழையதை அதன் கீழே சேர்த்துவிடலாம். முறையாக நிறுத்த முடியாமல் இரண்டும் பிரிந்துபோனால், பழையதைப் புதியதோடு ஒத்துப்போகச் செய்யும் பிஜி ரீவைண்ட் இருக்கிறது. அது வேலை செய்ய செக்சமோ, லாக் ஹின்ட் அமைப்போ முன்கூட்டியே இயக்கப்பட்டிருக்க வேண்டும். முதல் நாளே செய்துவிடுங்கள்.

பிளாக் வழி ஜெயிக்கும் இடங்களும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. தரவுத்தளத்தோடு சேர்ந்து பதிவேற்றக் கோப்புகளும் ஒரே கணத்து நிலையில் வேண்டுமென்றால் லாக் வழி அதைத் தராது. ஒரே சர்வரில் மூன்று வகை தரவுத்தளங்கள் ஓடினால் மூன்று விதமான ரெப்ளிகேஷனைப் பராமரிப்பதை விட டிஸ்க்கை அனுப்புவது சின்ன அணிக்கு நிம்மதி. எஸ்க்யூஎல் சர்வர் ஸ்டாண்டர்ட் பதிப்பில் கிடைக்கும், ஆல்வேஸ் ஆனின் சிறிய வடிவமான பேசிக் அவைலபிலிட்டி குரூப்பில் ஒரு குரூப்புக்கு ஒரு தரவுத்தளம்தான், செகண்டரியில் வாசிக்கவும் முடியாது. நான் மேலே சொன்ன பெரிய ஆதாயம் அங்கே இல்லாததால் ஸ்டோரேஜ் ரெப்ளிகாவும் சமமான போட்டியாளர்தான். ஸ்டோரேஜ் பெட்டிகளின் ரெப்ளிகேஷனை நான் பக்கத்திலிருந்து பார்த்ததோடு சரி, என் கையால் நடத்தியதில்லை. அதனால் அதைப் பற்றிய என் கருத்துக்குக் குறைவான எடை கொடுங்கள்.

தானியங்கி ஃபெயில்ஓவரில் இரண்டுமே ஆபத்துதான். 2018 அக்டோபர் 21-இல் கிட்ஹப்பில் 43 நொடி நெட்வொர்க் துண்டிப்பில் மைஎஸ்க்யூஎல் பிரைமரிகள் அமெரிக்காவின் மறுகரைக்கு மாறின. இரு பக்கமும் மற்றதிடம் இல்லாத மாற்றங்கள் சேர்ந்துவிட, சேவை முழுக்கச் சீராக 24 மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டே சர்வர்கள் உள்ள எங்கள் அமைப்பில் ஃபெயில்ஓவர் பொத்தானை மனிதர்தான் அழுத்துகிறார்.

லாக் வழியை எடுப்பவர்கள் மூன்றைக் கவனியுங்கள். ஸ்டாண்ட்பை நின்றுபோனால், அதற்காக லாகைப் பிடித்து வைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட் பிரைமரியில் லாகைக் குவித்து டிஸ்க்கை நிரப்பும். 13-ஆம் பதிப்பிலிருந்து இதற்கு உச்சவரம்பு வைக்கலாம். இரு சர்வரிலும் ஒரே லினக்ஸ் பதிப்பு இருக்கட்டும்: லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28-இல் எழுத்து வரிசை விதிகள் மாறியதால், அதற்கு முந்தையதும் பிந்தையதும் கலந்தால் எழுத்து இன்டெக்ஸ்கள் தவறான விடை தரும். லாகில் எழுதப்படாத அன்லாக்டு டேபிள்கள் அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்கும்.

இரண்டு வழிகளும் பேக்கப் ஆகாது. டேட்டா டைரக்டரியை யாராவது அழித்தால் பிளாக் வழியில் அந்த அழிப்பும் கடந்துபோகும்; லாக் வழியில் போகாது. ஆனால் ஒரு டேபிளை டிராப் செய்தால் இரண்டிலும் போய்விடும். 2017 ஜனவரி 31-இல் கிட்லேப்பில், பின்தங்கிய ஸ்டாண்ட்பையைப் புதுப்பிக்கும்போது பிரைமரியின் டைரக்டரி அழிக்கப்பட்டது. கடைசியில் கைகொடுத்தது சுமார் 6 மணி நேரம் பழைய எல்விஎம் ஸ்னாப்ஷாட். அதனால் பேக்கப்பைத் தனியாக வைத்திருக்கிறோம். இடம் கிடைத்ததும், லாகைச் சில மணி நேரம் தாமதித்து ஓட்டும் இன்னொரு ஸ்டாண்ட்பையையும் சேர்க்கப் போகிறோம், போஸ்ட்கிரஸ் 9.4-இலிருந்து அந்தத் தாமதத்தை ஒரே அமைப்பில் சொல்லிவிடலாம்.