மஞ்சளித்த பின்ஜன்னல்: என் பழைய எம்எக்ஸ்-5-க்குப் புதுசு போட்டு ஆறு வருடம்

என்னிடம் இருப்பது 1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, துணிக் கூரையைப் பின்னால் மடித்து இறக்கிவிடக்கூடிய இரண்டு சீட் கார். ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்று, சில வருடம் ஓடி, அப்புறம் இங்கிலாந்துக்குக் கப்பலேறி வந்த வண்டி. தூங்கி விழிப்பது போல எழும்பும் அந்த ஹெட்லைட்டுக்காகவே வாங்கினேன். பின்கண்ணாடியைச் சரியாகப் பார்க்கவில்லை. கண்ணாடி என்று சொல்வதே தப்பு, அது வெறும் வினைல் ஷீட். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதென்னடா, மழைக்குக் கட்டின பாலித்தீன் மாதிரி இருக்கு?" என்றார்.

வெயில் பட்டுப் பட்டு அது மஞ்சளித்துப் போயிருந்தது. இரவில் பின்னால் வருவது லாரியா பைக்கா என்றுகூடத் தெரியாது. பாலிஷ் போட்டுத் தேய்த்து ஒரு மாதம் ஓட்டினேன். ஜனவரியில் ஒரு நாள், வெயில் அடிக்கிறதே என்ற ஆசையில் கூரையை இறக்கினேன். படக்கென்று ஒரு சத்தம். குளிரில் விறைத்திருந்த ஷீட் குறுக்கே பிளந்துவிட்டது.

1998-இல் வந்த இரண்டாம் தலைமுறை வண்டியில் நிஜக் கண்ணாடி உண்டு. அந்தக் கூரை பழைய சட்டத்திலும் உட்காரும். ஆனால் என் கூரைத் துணி நன்றாகவே இருந்தது. என்னுடையது போன்ற முதல் தலைமுறை வண்டியில் ஜன்னல் கூரையோடு ஜிப்பில்தான் சேர்கிறது என்பதால், ஜன்னல் பகுதியை மட்டும் வாங்கினேன். முழுக் கூரைக்குக் கேட்ட விலையில் கால்வாசிகூட ஆகவில்லை.

ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன், ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. சீட்டுக்குப் பின்னால் உள்ள கார்ப்பெட்டை எடுத்தால், ஜன்னலின் அடிவிளிம்பை அழுத்திப் பிடிக்கும் இரும்புப் பட்டைகள் தெரியும். எல்லாம் 10 எம்எம் நட்டு. அதுவரை சுலபம். அந்தப் பட்டைக்கு அடியில்தான் கூரையிலிருந்து வழியும் மழைநீரை வாங்கி, இரண்டு பக்க வடிகாலுக்கும் அனுப்பும் பிளாஸ்டிக் வாய்க்கால் இருக்கிறது. ரெயின் ரெயில் என்பார்கள். பழைய வண்டியில் அது அப்பளம்தான். தொட்டதும் இடது ஓரம் உடைந்தது. ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். முதல் மழைக்கே கார்ப்பெட் ஊறிப்போய், எல்லாவற்றையும் மறுபடி கழற்றிப் புதுசு போட்டேன். ஜன்னல் வாங்கும்போதே அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். திறந்தது திறந்தபடி இருக்கும்போதே வடிகாலையும் குத்திச் சுத்தம் செய்யுங்கள், புல்வெட்டி மெஷினின் நைலான் நரம்பு போதும். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் உள்ளீடற்ற இரும்புச் சட்டத்துக்குள் இறங்கி, வெளியே தெரியாமல் துருப்பிடிக்க வைக்கும்.

புது ஷீட்டை அரை மணி நேரம் வெயிலில் விரித்து வைத்தால் இளகிக் கொடுக்கும். நட்டுகளை முழுக்க முறுக்கிவிட்டு ஜிப்பை இழுத்தேன், வரவில்லை. ஜிப்பை மூடிவிட்டு முறுக்குவதுதான் சரி.

இந்த ஆறு வருடத்தில் அதன் வழியாக ஒரு சொட்டு உள்ளே வந்ததில்லை. ஓரங்களில் லேசாக மஞ்சள் தட்டியிருக்கிறது. நடுவில் ஒரு மடிப்புத் தழும்பு, அது என் சோம்பேறித்தனம். ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகப் படுக்க வைத்த பிறகுதான் கூரையை இறக்க வேண்டும். முதல் கோடையில் ஒரே ஒரு நாள் அப்படிச் செய்யாமல் மடித்தேன். சரியாக ரியர்வியூ மிரரில் தெரியும் இடத்தில் கோடு விழுந்துவிட்டது. இப்போது மேலே ஒரு பழைய துண்டையும் விரித்துத்தான் மடிக்கிறேன். அமோனியா கலந்த கிளீனர் பக்கமே போவதில்லை. சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, வருடத்துக்கு இரண்டு முறை பிளாஸ்டிக் பாலிஷ். பனியைச் சுரண்டுவதும் கிடையாது. சூடேற்றும் கம்பி இல்லாததால் குளிர்காலத்தில் உள்ளே ஆவி படியும். சின்ன வண்டிதானே, சீட்டில் உட்கார்ந்தபடியே கையை நீட்டித் துடைத்துவிடலாம்.

கூரைத் துணியும் கிழியும் நாளில் கண்ணாடி வைத்த கூரையாகவே வாங்குவேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் நொடியில் கூரையை இறக்கிவிட்டுப் போகும்போது, சீட்டில் மண்டிபோட்டு ஜிப்பைத் தேடிக்கொண்டிருக்க முழங்கால் இப்போது அவ்வளவாக ஒத்துழைப்பதில்லை.