இட்ராகோனசோல் கேப்சூல்: நல்ல மருந்துதான், ஆனால் எப்படிப் போடுகிறோம்?

படர்தாமரைக்குத் தோல் மருத்துவர்கள் இன்று அதிகம் எழுதித் தருவது இட்ராகோனசோல். டெர்பினாஃபின் என்ற மற்றொரு பூஞ்சை மருந்துக்கு எளிதில் மசியாத டிரைகோஃபைட்டான் இன்டோட்டினியே என்ற பூஞ்சை இந்தியாவெங்கும் பரவியது இதற்கு முக்கியக் காரணம். மருந்தின் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது ரத்தத்தில் போய்ச் சேர்வதில்தான் சிக்கல்.

இந்தக் கேப்சூல் கரைய இரைப்பை அமிலம் வேண்டும். வயிறாரச் சாப்பிட்ட கையோடு விழுங்குங்கள். காலைக் காபியோடு போட்டால் பாதிப் பலன்கூட நிச்சயமில்லை. கூடவே "வயிறு புண்ணாகாமல் இருக்க" என்று கடையில் கேட்டு வாங்கும் பேன்டோபிரசோலும் ஒமிப்ரசோலும் அமிலச் சுரப்பையே அடக்கிவிடும். ஒரு மாதம் போட்டும் அரிப்பு அடங்கவில்லையா? மருந்தை மாற்றும் முன் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஜெலுசில் போன்ற அமிலம் தணிக்கும் திரவ மருந்துக்கு முன்பின் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்தவே முடியாதவர்கள் சர்க்கரை உள்ள கோலா பானத்தோடு கேப்சூலை விழுங்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

உள்ளே இருப்பது மருந்து பூசிய குட்டி உருண்டைகள். பிரித்துக் கொட்டவோ நசுக்கவோ கூடாது. உருண்டைகளின் அளவும் எண்ணிக்கையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் "அதே மருந்துதான் சார்" என்று கடைக்காரர் வேறு அட்டையை நீட்டினால் வாங்காதீர்கள். சூபா (SUBA) என்று அச்சிட்ட இட்ராகோனசோல் வகை வேறு கணக்கு: அதில் 50 மி.கி. சாதாரண 100 மி.கி.க்குச் சமம், சாப்பாட்டையும் அவ்வளவு நம்பியிருப்பதில்லை.

இதயம் பலவீனமானவர்களுக்குத் தோல், நகத் தொற்றுக்காக இதைக் கொடுக்கவே கூடாது. இதயச் செயலிழப்பை இது மோசமாக்கும். கொழுப்புக்கான சிம்வாஸ்டாடின் போடுபவர்களுக்குத் தசை சிதையும் அபாயம் உண்டு. கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். எனவே தினமும் போடும் மாத்திரைகளின் சீட்டு முழுவதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். கால் வீக்கம், மூச்சிரைப்பு, கருத்த சிறுநீர், மஞ்சள் கண், விடாத குமட்டல் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருந்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

சீட்டில்லாமல் இதை வாங்கவே வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அரிப்பு நின்றதும் பாதியில் விடுவதும், கூடவே குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு கலந்த களிம்பு பூசுவதும் மருந்தைத் தோற்கடிக்கும். அந்தக் களிம்பு சிவப்பை மட்டும் மறைத்து, பூஞ்சையை உள்ளே பரவவிடுகிறது.