அஞ்சலட்டையும் பதிவுத் தபாலும்: எஸ்எம்டிபி, எக்ஸ்.400

இன்றைக்கு மின்னஞ்சல் முகவரி என்றால் நடுவில் ஒரு @ இருந்தே ஆக வேண்டும். ஆனால் 1985 வாக்கில் ஒரு தொலைத்தொடர்புப் பொறியாளரிடம் போய், உலகம் கடைசியில் எந்த அஞ்சல் முறைக்கு வந்து சேரும் என்று கேட்டிருந்தால், எக்ஸ்.400 என்ற மடல் விதிமுறையைத்தான் சொல்லியிருப்பார். இன்று நம் மடல்களைச் சர்வருக்குச் சர்வர் கொண்டுசேர்க்கும் விதிமுறையான எஸ்எம்டிபி அப்போது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் தங்களுக்குள் செய்துகொண்ட கைமாற்று ஏற்பாடு மாதிரி இருந்தது. எக்ஸ்.400-க்குப் பின்னால் நாடு நாடாகத் தொலைபேசித் துறைகள் நின்றன.

இரண்டுக்கும் வயது வித்தியாசம் அதிகமில்லை. ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 தான் எஸ்எம்டிபி. இணைய விதிகளை எழுதிவைக்கும் ஆவண வரிசைக்கு ஆர்எஃப்சி என்று பெயர். 1982 ஆகஸ்டில் வந்தது. மடலின் தலைப்பகுதி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஆர்எஃப்சி 822-ஐ அதே மாதம் டேவிட் குரோக்கர் எழுதினார். அதுவரை இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் மடல்கள் கோப்பு அனுப்பும் எஃப்டிபியின் தோளில் ஏறித்தான் போய்க்கொண்டிருந்தன. எக்ஸ்.400-ஐ 1984-ல் ஜெனீவாவின் சிசிஐடிடி வெளியிட்டது. தந்திக்கும் தொலைபேசிக்கும் பன்னாட்டு விதிகள் எழுதிய அமைப்பு அது. இன்றைய பெயர் ஐடியு-டி. பிறந்த வீட்டின் குணம் இரண்டிலும் அப்படியே தெரியும்.

முகவரியிலிருந்து தொடங்கலாம். எஸ்எம்டிபியில் ஆள், @, இடம். அவ்வளவுதான். எக்ஸ்.400-ல் நாடு, நிர்வாகக் களம், தனியார் களம், நிறுவனம், பிரிவு, குடும்பப் பெயர், இயற்பெயர் என்று ஒரு விண்ணப்பப் படிவத்தையே நிரப்ப வேண்டும். நிர்வாகக் களம் என்பது பெரும்பாலும் அந்தந்த நாட்டுத் தொலைபேசித் துறை. சில இடங்களில் அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு வெற்றிடம் போட வேண்டியிருக்கும். வெறுமனே விட்டாலும் வெற்றிடம் போட்டாலும் ஒன்றல்ல! இதை விசிட்டிங் கார்டில் எப்படி அச்சடிப்பது? நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆள் பெயரை எழுதும் பகுதியில் குடும்பப் பெயர் கட்டாயம், இயற்பெயரை விட்டுவிடலாம். அப்பா பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னால் போட்டுக்கொள்ளும் தமிழர், தன் சொந்தப் பெயரைத்தான் குடும்பப் பெயராக எழுத வேண்டும். பாஸ்போர்ட் படிவம் நிரப்பிய யாருக்கும் இந்தத் தலைவலி புதிதில்லை.

உள்ளடக்கத்தில் எக்ஸ்.400 எட்ட முடியாத உயரத்தில் இருந்தது. ஒரே மடலுக்குள் எழுத்து, டெலக்ஸ், தொலைநகல் என்று பல பகுதிகளைத் தனித்தனியே வைக்க 1984-லேயே வழி செய்திருந்தார்கள். எஸ்எம்டிபிக்கு அப்போது ஏழு பிட் ஆங்கில எழுத்து மட்டும்தான் தெரியும். எட்டாவது பிட்டை வழியில் உள்ள ஏதாவது ஒரு கணினி வெட்டி எறிந்துவிடலாம். அப்படி எறிந்தால் அது விதிமீறலும் ஆகாது. திஸ்கி போன்ற எட்டு பிட் குறியீடுகளில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருந்தது, எட்டாவது பிட் இருந்தால்தான் கிடைக்கும் மேல் பாதியில்தான். வெட்டு விழுந்தால் கவிதையும் கணக்கும் ஒரே குப்பையாக வந்து சேரும். ரோமன் எழுத்தில் தமிழ் எழுதுவது அன்றைக்கு ஒரு பாதுகாப்பான வழியாகவும் இருந்தது.

இதற்கு மருந்து 1992-ல் வந்தது. நத்தானியல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் எழுதிய மைம். எனக்கு அதில் பிடித்ததே அதன் தந்திரம்தான். பழைய எஸ்எம்டிபியில் அவர்கள் கையே வைக்கவில்லை. படமோ பாட்டோ எதுவானாலும், மூன்று பைட்டை நான்கு ஆங்கில எழுத்தாக மாற்றி, சாதாரண மடல் போல வேஷம் போட்டு அனுப்பிவிட்டார்கள். சுமை மூன்றில் ஒரு பங்கு கூடும், போகட்டும். இன்னொரு மாற்று முறையில் யூனிகோடு 'அ' ஒன்று ஒன்பது எழுத்தாக நீளும். அழகான தீர்வு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நடுவில் இருந்த ஒரு கணினியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. எக்ஸ்.400-ன் பெரிய பலம் அத்தோடு போயிற்று.

போய்ச் சேர்ந்ததா, படித்தாரா என்ற அத்தாட்சி? எக்ஸ்.400-ல் இவை ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1988 திருத்தத்தில் கையொப்பம், மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவது), ஒப்படைத்ததற்கான சான்று எல்லாம் சேர்ந்துகொண்டன. எஸ்எம்டிபி பக்கம் சேர்ப்புச் சான்றுக்கான தரம் 1996-லும் வழியில் மறையாக்கம் 1999-லும்தான் வந்தன. அதாவது ஒன்று ஒப்புகை அட்டையோடு போன பதிவுத் தபால், மற்றது அஞ்சலட்டை. அதுவும் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய அஞ்சலட்டை. மாணவனாக இருந்தபோது டெல்நெட் என்ற நிரலில், எஸ்எம்டிபி காத்திருக்கும் வாசலான 25ஆம் போர்ட்டைத் திறந்து, ஹெலோ, மெயில் ஃப்ரம், ஆர்சிபிடி டு, டேட்டா என்று கையாலேயே தட்டி, கடைசியில் தனி வரியில் ஒரு புள்ளி வைத்து, நண்பனுக்கு அவன் பெயரிலேயே மடல் அனுப்பியிருக்கிறேன். சர்வர் ஒரு கேள்வி கேட்கவில்லை.

எரிதங்கள் (கேட்காமல் வரும் ஸ்பாம் மடல்கள்) பெருகியது இந்த ஓட்டை வழியாகத்தான். எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. எஸ்எம்டிபி வருவதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1978-ல், ஒரு கணினி நிறுவன விளம்பரம் ஆர்பாநெட்டில் சில நூறு பேருக்குப் போய்த் திட்டு வாங்கியிருந்தது. அப்புறமும் பூட்டு வைக்கத் தோன்றவில்லை. அனுப்புநர் உண்மையானவரா என்று சரிபார்க்க எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று 2006 முதல் 2015 வரை வந்த ஒட்டுகள் எல்லாம் அதற்குக் கட்டிய வட்டி. எக்ஸ்.400-ல் அனுப்புகிறவர் யாரென்று நிர்வாகக் களத்துக்குத் தெரியும், கட்டணமும் விழும். எரிதம் அனுப்புகிறவனுக்குக் கட்டுப்படியாகாது.

ஆனால் அதே கட்டணம், அதே நிர்வாகம்தான் மற்றவர்களையும் வாசலிலேயே நிறுத்தியது. எக்ஸ்.400-ன் ஆவணங்களையே அன்று காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அதன் செய்திகள் பைனரி வடிவில் ஓடும். கையால் தட்டிப் பார்த்துக் கற்க வழியில்லை. ஆர்எஃப்சிக்களை யாரும் சும்மா இறக்கிக்கொள்ளலாம். எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருள் பெர்க்லி யூனிக்ஸ் இயங்குதளத்தோடு சேர்ந்தே வந்தது. அதன் அமைப்புக் கோப்பைப் பார்த்தவர்கள் அதைப் புகழ மாட்டார்கள், பாதுகாப்பிலும் அது ஓட்டைச் சட்டிதான். 1988-ல் இணையத்தில் தானாகப் பரவிய மோரிஸ் புழு என்ற நிரல் அந்த வழியாகவும் நுழைந்தது. இருந்தாலும் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரே நாளில் ஒரு கல்லூரி தன் அஞ்சலகத்தைத் திறந்துவிடலாம்.

அமெரிக்க அரசே எதிர்ப்பக்கம் பந்தயம் கட்டியதுதான் வேடிக்கை. எக்ஸ்.400 அடங்கிய, பன்னாட்டுத் தர அமைப்புகள் வகுத்த ஓஎஸ்ஐ நெறிமுறைகளை 1990 ஆகஸ்ட் முதல் தன் கொள்முதலில் கட்டாயமாக்கியது. காகிதத்தில் ஓஎஸ்ஐ, அறையில் இணையத்தின் நெறிமுறையான டிசிபி/ஐபி என்ற நிலைதான் பல இடங்களில் நீடித்தது. 1995-ல் கட்டாயத்தையும் கைவிட்டார்கள்.

அதனால் எக்ஸ்.400 வீணாய்ப் போனது என்று நினைக்க வேண்டாம். செய்தி தொலைந்தால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்கிற இடங்களில் அது இன்னும் வேலை செய்கிறது. விமானப் பயணத் திட்டங்களைக் கொண்டுபோகும் ஏஎம்ஹெச்எஸ் அதன் மேல் கட்டியதுதான். நேட்டோ ராணுவச் செய்திகளுக்கான தரமும் அப்படியே. எக்ஸ்.400 முகவரிகளைத் தேடித்தர நினைத்த எக்ஸ்.500 அடைவோடு 1988-ல் ஒரு துணை ஏற்பாடும் வந்தது, எக்ஸ்.509. இன்று இரண்டு எஸ்எம்டிபி சர்வர்கள் மறையாக்கத்தோடு பேச ஆரம்பிக்கும்போது, தான் யாரென்று காட்ட ஒன்று மற்றதிடம் நீட்டும் சான்றிதழ் அந்த வடிவத்தில்தான் இருக்கிறது.