சூளைச் சந்துப் பழைய மரக்கடை: எங்கள் மரவீட்டுக்கு மரம் எடுத்த இடம்

சென்னை வால்டாக்ஸ் ரோட்டில் புது மரம் விலை கேட்டு மலைத்துப் போய் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத்தில், சூளைப் பக்கம் ஒரு சந்துக்குள், இடித்த வீடுகளின் மரம் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பெரிய தகரக் கொட்டகை, வாசலில் சாத்தி வைத்த கதவு நிலைகள், உள்ளே கூரை வரை அடுக்கிய கட்டைகள். சந்தில் யாரைக் கேட்டாலும் "பழைய மரக்கடை பாய்" என்று கை காட்டுவார்கள். நான் அங்கே நான்கு தடவை போயிருக்கிறேன். மூன்று தடவை அப்பாவோடு, ஒரு தடவை தனியாக. அந்த இரண்டுக்கும் இருந்த வித்தியாசத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அம்மா வழியில் எங்களுக்கு வந்த 60 சென்ட் நிலம் செய்யூர் பக்கம் இருக்கிறது. பாதி சவுக்குத் தோப்பு, மீதி பனையும் புதருமாகக் காடு. எல்லாம் பட்டா நிலம்தான். சவுக்கு இலை உதிர்ந்து தரை மெத்தை மாதிரி இருக்கும். கடல் காற்று அடித்தால் தோப்பு முழுக்க ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்குள் ராத்தங்கிவிட்டு வர ஒரு சின்ன மரவீடு வேண்டும் என்று எனக்குப் பல வருட ஆசை. 12 அடிக்கு 10 அடியில் ஒரு அறை, முன்னால் 4 அடித் திண்ணை, மேலே ஓடு. அவ்வளவுதான்.

முதலில் ரெடிமேட் தகர கேபின் ஒன்றுக்கு விலை கேட்டேன். அப்பா அதைக் கேட்டுவிட்டு, "மே மாசம் அதுக்குள்ள படுப்பியா பாப்பா?" என்றார். அப்புறம் நோட்டை எடுத்துக் கோடு போட ஆரம்பித்துவிட்டார். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்-பில், 1962-ல் தொடங்கிய ஃபர்னிஷிங் பிரிவில், 37 வருடம் தச்சராக இருந்தவர் அவர். ரயில் பெட்டிக்குள் பலகை பொருத்தியே வாழ்க்கை போனது. வீடு என்று ஒன்றை முழுசாகக் கட்டியதில்லை. 71 வயதில் அந்த ஆசை அவருக்கும் இருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

2024 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம், முதல் தடவை கடைக்குப் போனோம். அப்பாவின் பையில் மூன்று சாமான்கள்: ஒரு சின்னச் சுத்தியல், ஒரு குத்தூசி, உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றி நூலில் கட்டிய காந்தம். ஒவ்வொரு கட்டையையும் சுத்தியலால் நீளவாக்கில் தட்டிக்கொண்டே போனார். நல்ல கட்டை 'டங்' என்று சொல்லும். உள்ளே உளுத்த இடம் வந்ததும் சத்தம் 'தொப்' என்று அமுங்கிவிடும். அங்கே குத்தூசியை இறக்கிப் பார்ப்பார். காந்தம் ஆணிக்காக. மேலே துருகூடத் தெரியாமல் உள்ளே ஒடிந்து நிற்கும் ஆணி இருந்தால் நூல் அந்தப் பக்கம் சாயும். பழைய மரத்தை சாமில்லுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இது முக்கியம். ஆணியில் பட்டு ரம்பம் போனால் அதற்கும் நாம்தான் காசு தர வேண்டும்.

இந்தக் கடையை நான் மெச்சுகிற முதல் விஷயம், அவர்கள் நம்மை அவசரப்படுத்துவதில்லை. அடுக்கின் அடியில் கிடக்கிற கட்டை வேண்டும் என்றால் இரண்டு பையன்கள் வந்து மேலே இருப்பதை எல்லாம் இறக்கிக் கொடுக்கிறார்கள், முகம் சுளிப்பதில்லை. அன்று நாங்கள் 18 கட்டை எடுக்க நாலு மணி நேரம் ஆனது. இரண்டாவது மணி நேரத்தில் பாய் அப்பாவை "மேஸ்திரி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். டீ வந்தது. மூன்றாவது மணி நேரத்தில் அவரே ஒரு கட்டையைக் காட்டி, "அது வேணாம் மேஸ்திரி, சுவத்துப் பக்கம் இருந்தது" என்றார்.

அது என்னவென்று அப்பா எனக்கு விளக்கினார். பழைய மதராஸ் வீடுகளின் 'மெட்ராஸ் டெரஸ்' மொட்டை மாடிக்கு, தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, மேலே செங்கல்லைக் குத்துவாக்கில் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு கொட்டி இடிப்பார்கள். கட்டையின் நடுப்பகுதி காற்றாட இருக்கும். இரண்டு முனைகளும் சுவருக்குள் புதைந்து ஈரம் குடிக்கும். அதனால் நடுவில் இரும்பு மாதிரி இருக்கிற கட்டைகூட முனையில் அரை அடி பஞ்சாகியிருக்கும். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் என்று பழைய வீடுகள் இடிபட இடிபட, இந்த மரம் இப்படிப்பட்ட கடைகளுக்குத்தான் வருகிறது. எத்தனையோ கோடைகளைப் பார்த்த மரம். இனிமேல் காய்ந்து முறுக்கிக்கொள்ள அதில் ஈரம் மிச்சமில்லை. ஓட்டைத் தாங்கும் எங்கள் கைமரங்களுக்கு இதைவிடப் பொருத்தமான மரம் கிடைக்காது என்று அப்பா அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

பேரம் நடந்ததும் அந்த முனைகளை வைத்துத்தான். அளக்கிற கணக்கு எளிது: நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில், மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. எங்கள் கட்டை 3க்கு 4 அங்குலம், நீளம் 10 அடி. கடையில் 10 அடிக்கும் சேர்த்துத்தான் கணக்கு எழுதினார்கள். அப்பா டேப்பைப் பிடித்து, இரண்டு முனையிலும் அரை அரை அடி தள்ளச் சொன்னார். 9 அடி என்றால் ஒரு கட்டை முக்கால் கன அடி. 18 கட்டைக்கும் சேர்த்து ஒன்றரை கன அடி குறைந்தது. கன அடி 2,600 ரூபாய் என்று பேசியிருந்ததால் 3,900 ரூபாய் மிச்சம். மொத்தம் 35,100. பாய் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "முனையை இங்கேயே அறுத்துப் போட்டுட்டுப் போங்க, எனக்கு அடுப்புக்கு ஆகும்" என்றார். நியாயமான மனிதர். ஆனால் கேட்டால்தான் தள்ளுவார். கேட்காதவருக்கு உளுத்த முனையும் தேக்கு விலைதான். டேப் உங்கள் கையிலும் இருக்கட்டும்.

இரட்டைக் கதவு ஒன்று நிலையோடு 9,500-க்கு எடுத்தோம். நிலையின் பின்பக்கம், சுவரோடு ஒட்டியிருந்த முகத்தில், உளியால் வெட்டிய ஒரு எழுத்து இருந்தது. நான் ஏதோ கீறல் என்று நினைத்தேன். அப்பா விரலால் தடவிப் பார்த்து, "ஏழு" என்றார். தமிழ் எண் ௭. கீழே தரையில் செய்து, பிரித்துத் தூக்கிக்கொண்டு போய் மாட்டும்போது எந்தத் துண்டு எதோடு சேரும் என்பதற்காகத் தச்சர்கள் போடும் குறி. தாத்தாவும் அப்படித்தான் போடுவாராம். எங்கள் மரவீட்டின் துண்டுகளுக்கும் அப்பா அதே மாதிரி ௧, ௨, ௩ என்று வெட்டினார். நான் முப்பத்தெட்டு வயதில் தமிழ் எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

ஓடு விஷயத்தில் கடை எங்களைக் கொஞ்சம் சிரமப்படுத்தியது. பழைய மங்களூர் ஓடு 450 வாங்கினோம். நாலு ஓட்டில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபையின் முத்திரை இருந்தது. 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியவர்கள் அவர்கள்தான். அதைப் பார்த்த சந்தோஷத்தில் மீதியை நான் சரியாகப் பார்க்கவில்லை. தோப்பில் இறக்கித் தரையில் அடுக்கிப் பார்த்தபோதுதான், அதில் மூன்று கம்பெனி ஓடுகள் கலந்திருப்பது தெரிந்தது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் விளிம்பு உட்காராது. மழைக்காலத்தில் அந்த இடுக்கில்தான் ஒழுகும். அப்பா இரண்டு நாள் உட்கார்ந்து வகை பிரித்தார். ஒரு சரிவு முழுக்க ஒரு வகை, மறு சரிவுக்கு இன்னொரு வகை, மூன்றாவது வகை திண்ணைக்கு. ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான ரீப்பரின் இடைவெளியையும் ஓட்டுக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டியிருந்தது. கடையில் இதைச் சொன்னபோது, "ஓட்டுல நாங்க வகை பார்க்கிறதில்லைம்மா" என்றுதான் பதில் வந்தது. அதனால் ஓடு வாங்குவதாக இருந்தால் கடையிலேயே பத்துப் பத்தாகக் கோத்துப் பார்த்து எடுங்கள்.

அடுத்தது நான் தனியாகப் போன கதை. மார்ச் மாதம், அப்பாவுக்கு முட்டி வலி. திண்ணைக்கு இரண்டு தூண் மட்டும்தானே என்று நான் மட்டும் போனேன். பாயும் அன்று கடையில் இல்லை. கடைந்த வேலைப்பாட்டோடு, வார்னிஷ் மின்ன, இரண்டு தூண்கள். "பர்மா தேக்கு" என்றான் கடைப்பையன். சுத்தியல் கொண்டு போயிருந்தேன், தட்டியும் பார்த்தேன். ஆனால் வார்னிஷுக்குக் கீழே என்ன மரம் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரத்தில் தூணின் அடியில் கோதுமை மாவு மாதிரிப் பொடி விழுந்திருந்தது. அப்பா அடிப்பக்கம் லேசாக இழைத்துப் பார்த்தார். பாதிக்கு மேல் வெள்ளை, அதாவது வைரம் (நடுவில் இறுகிய பகுதி) பாயாத மரம், அதில் வண்டு துளைத்திருந்தது. தேக்கே இல்லை. அப்பா என்னைத் திட்டவில்லை. "இதை நான் உனக்குச் சொல்லித் தரலை" என்றார்.

திரும்ப எடுத்துக்கொண்டு போனோம். 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது' என்று கல்லாவுக்கு மேல் எழுதியிருக்கிறது. ஆனாலும் பாய் பொடியைப் பார்த்ததும் பேசாமல் உள்ளே போய், வேங்கைத் தூண் இரண்டு எடுத்து வந்து வைத்தார். விலை வித்தியாசம் கேட்கவில்லை. குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) வாடகை போக வர எங்கள் தலையில்தான். அதைக் கொடுத்திருக்கலாம் என்பது என் வருத்தம். சரி, தவறை ஒத்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். அன்று அப்பா கொட்டகைக்குள் என்னை அழைத்துப் போய், வெட்டு முகத்தைப் பார்த்து வைரம் எது வெள்ளை எது என்று பிரிக்க ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். வார்னிஷ் அடித்த எதையும் வாங்கும் முன் ஒரு ஓரத்தில் இழைத்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் மறுப்பதில்லை.

மரம் எப்படி உழைக்கிறது என்பதற்குக் கட்டிய விதத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒன்பது கருங்கல் கால்களை நட்டு, தரையிலிருந்து 2 அடி உயரத்தில் வீட்டை நிறுத்தினோம். கரையான் கல்லைத் தின்னாது. மண்ணைப் பூசிக்கொண்டு ஏறினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். மூட்டுகளில் ஒரு கட்டையில் துளை, மற்றதில் நாக்கு. குறுக்கே மூங்கில் ஆணி. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து உளி பிடித்தார், ஏணி ஏறியது எல்லாம் நானும் ஊர்க்காரர் ஒருவரும். அடிப்பக்கச் சட்டங்களுக்குப் பண்ருட்டியிலிருந்து வாங்கிவந்த முந்திரி ஓட்டு எண்ணெய் பூசினோம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

ஏப்ரலில் வேலை முடிந்தது. நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நாங்கள் அயனாவரத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அப்பா சாப்பிடவில்லை. கடைசி இரண்டு வரிசை ஓட்டுக்குக் கம்பி கட்டியது போதுமா, மூன்றாவது வரிசைக்கும் கட்டியிருக்கலாமோ என்று இரண்டு தடவை கேட்டார். நாலு நாள் கழித்துத்தான் போக முடிந்தது. தோப்பில் சவுக்கு நிறையச் சாய்ந்து கிடந்தது, ஒன்று திண்ணைக்கு ஒரு முழம் தள்ளி. மரவீட்டில் முகட்டு ஓடு ஒன்றும், ஓரத்தில் ஏழு ஓடுகளும் போயிருந்தன. தரைப்பலகை ஒரு மூலையில் நனைந்திருந்தது. கைமரம் பதினெட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. அப்பா ஒவ்வொன்றின் கீழும் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து, கொண்டு போயிருந்த புளிச்சோற்றை முழுசாகச் சாப்பிட்டார்.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும். காலையில் போனால் கட்டைகளை வெளிச்சத்தில் பார்க்கலாம். ஜி.பே வாங்குகிறார்கள். பில் கேட்டு வாங்குங்கள், வழியில் மரவண்டியை நிறுத்தினால் காட்ட வேண்டும். கைமரம், உத்திரம், கதவு, ஜன்னல் எதுவானாலும் தாராளமாகப் போகலாம். ஓடு என்றால் பொறுமையோடு போங்கள். வார்னிஷ் அடித்த அலங்காரச் சாமானுக்கு, பாய் இருக்கிற நாளில் மட்டும் போங்கள். மரம் தெரிந்த யாரையாவது கூட அழைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு இன்னும் ஒரு பரண் பாக்கி. அதற்கு நாலு பலகை எடுக்க வருகிற சனிக்கிழமை போகிறோம். இந்தத் தடவை நான் தட்டிப் பார்த்து எடுக்க வேண்டும், தான் பேசாமல் நிற்பேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். காந்தத்தை இப்போதே என் பையில் போட்டுவிட்டார்.