சோங்கிரான் 'ஸ்பெஷல் ஆஃபர்': 16,809 பாட் போய்விட்டது, நீங்களாவது ஏமாறாதீர்கள்

தாய்லாந்துப் பணத்தில் 16,809 பாட். ஒரு உணவகத்தின் சோங்கிரான் ஆஃபரை நம்பிக் கொடுத்தது. ஆறு பேர், ஒரு மதியம், அரை வயிற்றுக்குக்கூடச் சாப்பாடு இல்லை. நடந்தது ஏப்ரல் 13, இன்று 15. சோங்கிரான் என்பது தாய்லாந்துப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழா, பாங்காக்கில் இன்னும் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டாயாவில் 'வான் லாய்' என்ற தண்ணீர்க் கொண்டாட்டமாக 19 வரை போகும். இதே மாதிரி ஆஃபர் போஸ்டர்கள் இப்போதும் சுற்றுகின்றன. புத்தாண்டு விடுமுறையோடு சேர்த்து ஊரிலிருந்து வந்து இறங்கியிருக்கும் குடும்பங்கள் இதைப் பார்த்துத்தான் பணம் கட்டுகின்றன. அதனால் கோபம் ஆறட்டும் என்று காத்திருக்காமல் எழுதுகிறோம்.

கடையின் பெயர் வேண்டாம். பாங்காக்கில் மாரியம்மன் கோயில் இருக்கிறதே, அந்த சீலோம் சாலையை ஒட்டிய ஒரு சோய், அதாவது சந்து. வெளிநாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட ஒரு வெள்ளைக்காரர் நடத்தும் பப் மாதிரியான உணவகம். ரோஸ்ட், இங்கிலீஷ் காலைச் சாப்பாடு, பெரிய டிவியில் ஃபுட்பால். இந்த வகைக் கடை பட்டாயாவிலும் சியாங் மாயிலும் தெருவுக்கு ஒன்று கிடைக்கும்.

ஆஃபர் இதுதான். தலைக்கு 1,850 பாட். மதியம் 12 முதல் மாலை 6 வரை சாலையைப் பார்த்த மேசை, ரோஸ்ட் பஃபே, அளவில்லாத பானம், தண்ணீர்த் துப்பாக்கியில் நிரப்பத் தண்ணீர், லாக்கர், கிளம்பும்போது குளிக்க ஷவர். சீலோமில் அன்றைக்கு இதெல்லாம் எவ்வளவு பெரிய வசதி என்று போனவர்களுக்குத் தெரியும். சாலையை அடைத்துவிடுவார்கள். சாலா டேங் ஸ்டேஷனிலிருந்து இறங்கினால் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். பெரியவர்களும் பிள்ளைகளும் இருக்கிற குழுவுக்கு உட்கார ஓரிடமும் காய்ந்த துணி வைக்க ஒரு பெட்டியும் இருந்தால் போதும். அந்தத் தேவையைப் பார்த்துத்தான் தூண்டில் போடுகிறார்கள்.

லைன் (LINE) மெசேஜ் ஆப்பில் முதலில் கேட்டதே "1,850 நெட்டா, ப்ளஸ் ப்ளஸ்ஸா?" என்பதுதான். இங்கே விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதையும் சேர்த்த தொகைக்கு 7 சதவீதம் வாட் (மதிப்புக் கூட்டு வரி). 17 என்று மனக்கணக்குப் போடாதீர்கள், 17.7 வரும். 1,850 என்பது 2,177.45 ஆகிவிடும். "நெட் ப்ரைஸ், நோ ப்ளஸ் ப்ளஸ்" என்று எழுத்திலேயே பதில் வந்தது. இரண்டு பேர் வெஜ் என்றதற்கு "தனியாகச் செய்து வைக்கிறோம்" என்றார்கள். மேசை எண்ணோடு போட்டோகூட அனுப்பினார்கள், ஜன்னலோரம், ஆறு நாற்காலி.

பிறகு உரிமையாளரே கூப்பிட்டார். அவசரப்படுத்தவில்லை, நயமாகப் பேசினார். சோங்கிரானுக்கு மேசை பிடித்து வைக்க முழுத் தொகையும் முன்கூட்டியே வேண்டும் என்றார். அது இங்கே சாதாரணம்தான். 11,100 பாட்டுக்கு ப்ராம்ப்ட்பே க்யூஆர் அனுப்பினார், வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் தாய்லாந்து முறை அது. ஸ்கேன் செய்தால் திரையில் வந்தது கடைப் பெயர் இல்லை, ஒரு தாய்லாந்துப் பெண்ணின் பெயர். கேட்டதற்கு, "வெளிநாட்டுக்காரன் பெயரில் உணவகம் முழுசாக வைக்க முடியாது, அது என் பார்ட்னர்" என்றார்.

நம்பியது அந்த இடத்தில்தான். அவர் சொன்னதில் பாதி உண்மை. 1999-ஆம் வருடத்து வெளிநாட்டவர் தொழில் சட்டத்தில் சாப்பாடு, பானம் விற்பது கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அதனால் பெரும்பாலான கடைகளில் 51 சதவீதப் பங்கு தாய்லாந்து ஆட்களிடம் இருக்கும். ஆனால் அப்படித் தொடங்குவது ஒரு கம்பெனி. கம்பெனிக்கு அதன் பெயரிலேயே வங்கிக் கணக்கு உண்டு. பணம் அங்கே போனால் கடைக் கணக்கில் ஏறும், தனி ஆளின் கணக்குக்குப் போனால் கடை "எங்களுக்கு வரவே இல்லை" என்று சொல்லிவிடலாம். இந்த ஒன்றை அன்றைக்கே யோசித்திருந்தால் 11,100 கையில் இருந்திருக்கும். ப்ராம்ப்ட்பேயில் போன பணத்தைத் திருப்பி இழுக்க, கார்டில் இருப்பது போல டிஸ்ப்யூட் வழி கிடையாது.

13-ஆம் தேதி 12.10-க்கு உள்ளே போனோம். ஜன்னலோர மேசையில் வேறு ஆட்கள். "லேட்டாக வந்தீர்கள்" என்றார் மேனேஜர். பத்து நிமிஷம்! பின்பக்கம், கழிவறைக்குப் போகும் வழியில் நாலு பேர் உட்காரும் மேசையில் இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

கையில் கட்டிய பட்டையைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு நனைந்தாலும் கிழியாத பிளாஸ்டிக் கலந்த பட்டையோ துணிப் பட்டையோதான் கட்டுவார்கள். இவர்கள் கட்டியது வெறும் காகிதம். வரிசை எண் பேனாவால் எழுதியது, மேலே ஊதா நிறத்தில் கடை முத்திரை. எங்களுக்கு 83 முதல் 88 வரை. ஒரு தடவை சாலைக்குப் போய் வந்ததும் முத்திரை கரைந்து மணிக்கட்டு முழுக்க ஊதா. இரண்டு பேரின் பட்டை கூழாகிக் கையோடு வந்துவிட்டது. வாசலில் நின்ற பையன், "நம்பர் இல்லை, புதுப் பட்டை 1,850" என்றான். லைனில் இருந்த, பணம் கட்டிய ஸ்லிப்பைக் காட்டினாலும் ஏற்கவில்லை. அந்த இரண்டு பேரும் அதன் பிறகு உள்ளே வரவே முடியவில்லை. ஈரத்துணியோடு வெளியே நின்றார்கள், அவர்கள் பை எங்களோடு உள்ளே லாக்கரில்.

பஃபேக்கு வருவோம். சுமார் 5 கிலோ பீஃப் துண்டு இரண்டு. ரோஸ்ட் செய்யும்போது கால் பங்குக்கு மேல் எடை குறையும், 10 கிலோவுக்கு 7 கிலோ மிஞ்சினாலே அதிகம். ஆளுக்கு 150 கிராம் வெட்டினால் 46 தட்டு. எங்கள் பட்டை எண்ணே 88. எங்களுக்குப் பின்னாலும் ஆள் வந்துகொண்டே இருந்தது. ஒரு மணிக்குத் தட்டு காலி, இன்னொரு துண்டு வரவில்லை. கோழித் தட்டுக்கு அடியில் இருந்த ஜெல் எரிபொருள் டப்பா அணைந்து கிடந்தது, மாற்ற ஆள் இல்லை. சூடாக வைக்கிற இறைச்சி 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஏப்ரல் வெயிலில், கதவைத் திறந்து போட்ட கடையில், கை வைத்தால் சுடாத கோழியை எடுத்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். வெஜ் என்று சொன்னவர்களுக்கு வந்தது உருளைக்கிழங்கும் கேரட்டும், மேலே பீஃப் கொதித்த சாற்றில் செய்த கிரேவி. ஒருவர் ஒரு வாய் வைத்த பிறகுதான் தெரிந்தது. அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. சைவம் சாப்பிடுகிறவரிடம், எழுத்தில் உறுதி கொடுத்துவிட்டு இதைச் செய்திருக்கிறார்கள்.

'அளவில்லாத பானம்' 2 மணியோடு முடிந்தது. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. மேசை மேல் இருந்த அட்டையின் பின்பக்கம் "ஃப்ரீ ஃப்ளோ 2 மணி நேரம்" என்று பொடி எழுத்தில் இருந்ததாம். 2.05 முதல் கொண்டு வைத்த ஒவ்வொரு கிளாஸும் பில்லில் ஏறியிருக்கிறது. துப்பாக்கிக்குத் தண்ணீர் ஒரு தடவைக்கு 40 பாட். வாசலுக்கு வெளியே ட்ரம் வைத்திருந்த அம்மா 10 பாட்தான் வாங்கினார். ஷவருக்குப் போனால் "தண்ணீர் அழுத்தம் இல்லை" என்று பூட்டு.

பில் வந்தது இப்படி. குளிர்பானம் 12, தலா 120, ஆக 1,440. குடிநீர் பாட்டில் 6, தலா 80, ஆக 480. துப்பாக்கித் தண்ணீர் 18 தடவை, 720. லாக்கர் வாடகை இரண்டுக்கு 400. மொத்தம் 3,040, ப்ளஸ் ப்ளஸ் சேர்த்து 3,578.08. அதோடு விட்டார்களா? 'நெட்' என்று வாங்கிய 11,100-க்கும் சர்வீஸ் சார்ஜ், வாட் என்று 1,964.70. கார்டில் கட்டினால் 3 சதவீதம் கூடுதல். கடைசியில் 5,709.06. கையில் ரொக்கம் அவ்வளவு இல்லை. லாக்கர் சாவி அவர்களிடம். வெளியே இரண்டு பேர் நனைந்து நிற்கிறார்கள். போன் தண்ணீர் புகாத உறைக்குள், ஈர விரலுக்குத் திரை அசையவில்லை, அந்த 'நெட் ப்ரைஸ்' மெசேஜைத் தேடி எடுப்பதற்குள் கார்டு மெஷினை நீட்டிவிட்டார்கள். கட்டினோம். 11,100-உம் 5,709-உம் சேர்ந்து 16,809.

வாட் போட்டார்களே, ரசீதில் 13 இலக்க வரி எண் இருக்கிறதா என்று பார்த்தால் இல்லை. வாட் வசூலிக்க வேண்டுமானால் கடை பதிவு செய்திருக்க வேண்டும், 'போ போ 20' என்கிற பதிவுச் சான்றிதழ் கடையில் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். சுவர் முழுக்க ஃபுட்பால் ஜெர்ஸிதான். "பாய் கம்காப் பாசி" என்று வரி ரசீதைத் தாய்லாந்து மொழியிலேயே கேட்டோம். "பிரிண்டர் நனைந்துவிட்டது, நாளைக்கு லைனில் அனுப்புகிறேன்" என்றார் மேனேஜர்.

அந்த 'நாளை' இன்னும் வரவில்லை. 13 இரவு மெசேஜ் போட்டோம், ஒரு கரடி கைகூப்பும் ஸ்டிக்கர் வந்தது. 14 காலை, "ஜாய் யென் யென் நா கா" என்று பதில். மனசைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ள வேண்டுமாம், 16,809 பாட்டைக் கொடுத்துவிட்டு! மதியம், "விடுமுறை, வங்கி மூடியிருக்கிறது, ரீஃபண்ட் 16-க்குப் பிறகு" என்றார்கள். பொய். பணம் வாங்கிய அதே ப்ராம்ப்ட்பே 24 மணி நேரமும், 13, 14, 15 விடுமுறையிலும் வேலை செய்கிறது. மாலையில் உரிமையாளரைக் கேட்டதற்கு, அவர் பட்டாயா போய்விட்டார், வான் லாய் முடிந்துதான் வருவார் என்றார்கள். இன்று காலை அனுப்பியதற்கு 'படித்தாயிற்று' என்ற குறி மட்டும். ஆஃபர் போஸ்டரும் இப்போது இல்லை, அதை 24 மணி நேர ஸ்டோரியாகத்தான் போட்டிருந்தார்கள். எங்களிடம் ஸ்க்ரீன்ஷாட் இல்லை. லைன் மெசேஜும் ஸ்லிப்பும்தான் மிச்சம். கார்டில் போன 5,709-க்கு டிஸ்ப்யூட் கொடுத்தாயிற்று.

விவரமாக ஒரு வழிகாட்டியே எழுதலாம் என்று உட்கார்ந்தோம், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இன்று மாலையும் பட்டாயாவிலும் போகிறவர்கள் இதையாவது பாருங்கள்:

க்யூஆர் ஸ்கேன் செய்ததும் வரும் பெயர் தனி ஆள் பெயராக இருந்தால் பணம் அனுப்பாதீர்கள். கம்பெனி என்றால் தாய்லாந்து மொழியில் முன்னால் 'போரிசாட்', கடைசியில் 'சம்காட்' என்று இருக்கும், ஆங்கிலத்தில் 'கோ., லிமிடெட்'.

முழுத் தொகை கேட்டால் கார்டில் கட்ட வழி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள். மெஷினில் ரூபாயா பாட்டா என்று கேட்டால் பாட்டை அழுத்துங்கள்.

போஸ்டரையும், 'நெட்' என்ற பதிலையும், ஃப்ரீ ஃப்ளோ எத்தனை மணி வரை என்பதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, குழுவில் தண்ணீர் ஆடாத ஒருவரின் போனில் வையுங்கள். மேசை அட்டையின் பின்பக்கத்தை உட்கார்ந்ததும் திருப்பிப் பாருங்கள்.

காகிதப் பட்டை கட்டினால் அங்கேயே போட்டோ எடுங்கள், எண் தெரியும்படி. பையை லாக்கரில் வைத்துச் சாவியை அவர்களிடம் கொடுக்காதீர்கள்.

வெஜ் ஆட்கள் கிரேவியைத் தொடவே வேண்டாம்.

சண்டை என்று வந்தால் அங்கிருந்தே 1155, டூரிஸ்ட் போலீஸ். வெளியே வந்த பிறகு நுகர்வோர் புகாருக்கு 1166, விலை எழுதி வைக்காததற்கு 1569, வரி எண் இல்லாமல் வாட் வாங்கினால் 1161. நாங்கள் நாளை, 16-ஆம் தேதி, அலுவலகம் திறந்ததும் 1166-க்கும் 1161-க்கும் கூப்பிடுகிறோம். 16,809 பாட், ஒரு பாட்கூட விடப் போவதில்லை.