பெயரில்லாத பலகையும் 0.6 வோல்ட்டும்: புதுப்பேட்டையில் பழைய மாருதிக்குச் சார்ஜிங் பார்த்த கடை

பதினான்கு மாதங்களில் இரண்டு பேட்டரிகள் வாங்கிய பிறகும் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தது. வண்டி 1997ஆம் ஆண்டு மாருதி 800. கார்புரேட்டர் உள்ளது, கணினி எதுவும் கிடையாது. மூன்று நாள் எடுக்காமல் நிறுத்தினால் செல்ஃப் சுற்றாது. தினமும் ஓட்டினாலும் சோம்பலாகத்தான் சுற்றும். இரவில் சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்கும். முதலில் போன கடையில் பேட்டரியை மாற்றினார்கள். அடுத்த கடையில், சார்ஜ் ஏற்றும் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றிவிட்டு, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "பாருங்க, வண்டி நிக்கல, சார்ஜிங் பக்கா" என்று காட்டினார்கள். ஏழு மாதத்தில் மறுபடியும் பேட்டரி வாங்கினேன். அதன் பிறகுதான் நண்பர் ஒருவர் சொல்லி, புதுப்பேட்டைச் சந்து ஒன்றில் இருக்கும் இந்தக் கடைக்குப் போனேன். பலகையில் 'ஆட்டோ எலக்ட்ரிக்கல்' என்பதைத் தவிர வேறு பெயர் எழுதப்படவில்லை என்பதால், நானும் பெயர் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன்.

கடை என்று சொல்வதற்கு ஒரு ஷட்டரும் ஒரு மர மேசையும் மட்டுமே உண்டு. வண்டியைத் தெருவிலேயே வைத்துத்தான் பார்க்கிறார்கள். உரிமையாளருக்கு அறுபது வயதிருக்கலாம். பானெட்டைத் திறப்பதற்கு முன் அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஓட்டிட்டு நிறுத்தின அன்னைக்கே டவுன் ஆகுதா சார், இல்ல ரெண்டு மூணு நாள் நின்னா ஆகுதா?" இரண்டும்தான் என்றேன். "அப்ப ரெண்டு வியாதி இருக்கு" என்று சொல்லிவிட்டு மீட்டரை எடுத்தார். முந்தைய கடைகளில் யாரும் இதைக் கேட்கவில்லை. ஓடும்போது போதுமான சார்ஜ் ஏறாமல் இருப்பதும், நிற்கும்போது சார்ஜ் கசிவதும் வெவ்வேறு பழுதுகள் என்பதும், இரண்டுமே காலையில் ஒரே மாதிரி 'கட் கட்' என்ற சத்தமாகத்தான் நமக்குத் தெரியும் என்பதும் எனக்கு அன்றுதான் உறைத்தது.

எஞ்சினை அணைத்த நிலையில் பேட்டரி 12.2 வோல்ட் காட்டியது. முழுதாகச் சார்ஜ் ஏறி, ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு அருகில் இருக்க வேண்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். பாதி காலியான பேட்டரியை வைத்துக்கொண்டு எதை அளந்தாலும் கணக்கு தப்பும் என்று சொல்லி, இரவு முழுக்கச் சார்ஜரில் போட்டு வைத்து, மறுநாள் வரச் சொன்னார். ஒரு நாள் வீணாகிறதே என்று அப்போது எரிச்சல்பட்டேன்.

மறுநாள் ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, ஹெட்லைட்டையும் புளோயரையும் போடச் சொல்லி, எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் சேரும் இடத்தில் 14.1 வோல்ட். அதே நேரத்தில் பேட்டரி முனைகளில் 13.2 மட்டுமே. அதாவது உற்பத்தியில் குறையில்லை, வழியில் 0.9 வோல்ட் காணாமல் போகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க அவர் செய்தது எளிய வேலைதான். மீட்டர் வயரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் உடம்பிலும், மற்றொன்றைப் பேட்டரி மைனஸின் ஈயக் குமிழிலும் வைத்தார். கிளாம்பில் வைக்கவில்லை, குமிழில்தான் வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் கிளாம்புக்கும் குமிழுக்கும் நடுவிலேயே பழுது இருக்கலாம். மீட்டர் 0.6 காட்டியது. நல்ல எர்த்தில், அதாவது பேட்டரி மைனஸை வண்டியின் உலோகத்தோடு இணைக்கும் தொடர்பில், அது 0.1 அளவில்தான் இருக்க வேண்டும். மீதி 0.3, பிளஸ் பக்கத்துத் தளர்ந்த நட்டில் இருந்தது.

எர்த் வயர் கியர்பாக்ஸில் சேரும் போல்ட்டைக் கழற்றினார். வயர் முனையின் வளையத்துக்கு அடியில் பளபளவென்று வெள்ளி நிறப் பெயின்ட். ஒன்றரை வருடத்துக்கு முன் கிளட்ச் வேலை செய்தபோது, கியர்பாக்ஸ் புதிதுபோலத் தெரியட்டும் என்று யாரோ அன்போடு அடித்த பெயின்ட் அது. அதற்கு மேலேயே வளையத்தை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். உப்புத்தாளால் சுரண்டி, உலோகம் தெரிந்த பிறகு மாட்டினார், 0.6 என்பது 0.05 ஆனது. செல்ஃப் ஏன் சோம்பியது என்பதற்கும் இதுவே விடை. ஏறக்குறைய 20 ஆம்பியர் போகும்போது 0.6 வோல்ட்டைத் தின்ற தடை, செல்ஃப் மோட்டார் 80 ஆம்பியர் இழுக்கும்போது 2.4 வோல்ட்டைத் தின்றிருக்கும். அந்த மெதுவான சுற்றலைக் கேட்ட எல்லோரும் பேட்டரியின் மேல் பழியைப் போட்டார்கள்.

இரண்டாவது வியாதிக்கு அதிகப் பொறுமை தேவைப்பட்டது. சாவியை எடுத்து, கதவுகளை மூடி, மைனஸ் வயரைக் கழற்றி அதன் நடுவே ஆம்பியர் மீட்டரைச் சேர்த்தபோது 0.21 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீரியோவின் நினைவகத்துக்கு 0.02 போதும். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் 0.19 நின்றது. அப்போதுதான் ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றினார். மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது. மூன்று நாளில் இந்தக் கசிவு சுமார் 15 ஆம்பியர்-மணி (Ah). இந்த வண்டியின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஏற்கெனவே பாதி வயிற்றோடு கிடக்கும்போது, மிச்சம் என்ன இருக்கும்?

ஆல்டர்னேட்டரின் மாறுதிசை மின்சாரத்தை (ஏசி) ஒரே திசையில் மட்டும் வெளியே விடும் டயோடுதான் பழுது என்று அவர் சொன்னார். ஆனால் சொன்னதோடு நிற்காமல், வயரைத் திரும்ப மாட்டி, எஞ்சினை ஓட விட்டு, மீட்டரை ஏசி அளவுக்கு மாற்றிப் பேட்டரியில் வைத்தார். 0.1 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாத இடத்தில் 0.7 ஆடியது. "நைட்ல சார்ஜ் லைட் லேசா எரியுமே, பாக்கலியா சார்?" என்று கேட்டார். பார்த்திருக்கிறேன். பகலில் தெரியாத, இரவில் மட்டும் தணல்போலத் தெரிந்த அந்தச் சிவப்பை, பழைய வண்டிக்கு இதெல்லாம் சகஜம் என்று மாதக்கணக்கில் விட்டது என் தவறு.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஆல்டர்னேட்டரை இன்றும் 'டைனமோ' என்றும், ரெகுலேட்டரைக் 'கட்-அவுட்' என்றும் சொல்வது எனக்கு முன்பு வேடிக்கையாக இருக்கும். அம்பாஸடரும் ஃபியட்டும் உண்மையாகவே டைனமோவோடு ஓடிய காலத்தில், எஞ்சின் நின்றதும் பேட்டரியின் மின்சாரம் திரும்பி டைனமோவுக்குள் பாயாமல் தொடர்பைத் துண்டித்த கருவிதான் கட்-அவுட். ஆல்டர்னேட்டரில் அந்தக் காவல் வேலையையும் டயோடே பார்த்துக்கொள்கிறது. காவல் ஓட்டையானதால் இரவெல்லாம் மின்சாரம் சுருளுக்குள் திரும்பியிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றிய சோதனையை நான் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்படிக் கழற்றும் நொடியில் எழும் மின்னழுத்தம் டயோடையும் ரெகுலேட்டரையும் பொசுக்கிவிடக்கூடியது. என் டயோடு அதனால்தான் போனது என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் அந்தச் சோதனையை யாரும் இனி என் வண்டியில் செய்ய முடியாது.

டயோடு பிளேட்டை அருகிலேயே வாங்கி மாற்றி, கழற்றியது கழற்றியபடி, சுழலும் பாகத்தில் உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பனையும் பார்த்து, தேய்ந்திருந்ததால் அதையும் போட்டார். ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்லவில்லை. சுருளைப் புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங் பேச்சும் எழவில்லை. மொத்தம் 2,150 ரூபாய். அதில் சோதனைக்கு 400. சோதனைக்குத் தனியாகப் பணம் கேட்பதைக் குறையாகச் சிலர் சொல்லக்கூடும். சோதிக்காமல் விற்ற இரண்டு பேட்டரிகளுக்கு நான் கொடுத்த தொகையை நினைத்தால், இந்தக் கடையில் மிக நியாயமான தொகை அந்த 400தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. பில் என்பது சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதிய நான்கு வரி, உத்தரவாதம் வாய்வார்த்தை. உட்கார இடமில்லை. தொலைபேசியை எடுப்பதே இல்லை. மொத்தம் இரண்டரை நாள் ஆனது. கணினி வைத்த புதிய வண்டிகளை அவர் தொடுவதில்லை. அதை வெளிப்படையாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார். கார்புரேட்டர் காலத்து வண்டியோ, டைனமோவோடு ஓடும் இன்னும் பழைய வண்டியோ வைத்திருப்பவர்கள் காலை பத்து மணிக்குள் போவது நல்லது. பிறகு சந்தில் நிறுத்த இடம் கிடைக்காது.

வேலை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. சென்ற வாரம் நான்கு நாள் வெளியூர் போய் வந்தேன், பேட்டரி 12.5 காட்டியது, முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. பேட்டரியைப் பற்றி மட்டும் அவர் நம்பிக்கை தரவில்லை. பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஐந்து செல்கள் 1.250 காட்ட, ஒன்று 1.200ஐத் தாண்டவில்லை. மாதக்கணக்கில் அரைகுறைச் சார்ஜில் கிடந்ததில் தகடுகளில் சல்ஃபேட் படிந்திருக்கிறது, வரும் மழைக்காலத்தைத் தாண்டினால் பெரிது என்றார். வாரண்டி அட்டையைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.